வலப்பக்கம் விழுகிறவன்

மே 4, ஞாயிறு

இன்று முதல் நான் டைரி எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்களாம். நான் மட்டும் விட்டுவிட்டால் நன்றாக இருக்காது.

பெயர் வெயிலுமுத்து. வயது ஐம்பத்தொன்று, பார்த்தால் தெரியாது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய்ப் பட்டறை ஒன்றில் பாகு மாஸ்டர். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் என்னைத் தாங்கும் சக்தி பள்ளிக்கூடத்துக்கு இல்லாமல் போய்விட்டது. டேங்க் தெரு ஹாக்கி அணிக்கு முப்பது வருஷமாக நான்தான் கோல்கீப்பர்.

நோட்டைக் கொடுத்தது என் அக்கா மகள் செல்வகனி, எங்களுக்குச் செல்வி. இருபது வயது, மாநில அணிக்கு ஆடியவள். பிப்ரவரியில் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து மட்டையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஜூன் மாதம் சென்னையில் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகவில்லை என்கிறாள். இன்று நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய ஆட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்து இந்தப் பக்கம் திரும்பினாள். தலைமாட்டிலிருந்து இந்த நோட்டை எடுத்து நீட்டினாள்.

"மாமா, வாயால சொன்னா நீளுது. எழுதுங்க, சுருங்கும். நான் படிச்சுப் பாப்பேன். எங்கெங்க பொய்யோ அங்கெல்லாம் பென்சில்ல சுழிச்சிருவேன்."

சரி என்றேன். அவளுக்குப் பென்சில் தேயப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும். ஃபைனல் அன்று காலையில், அதே மைதானத்தில், நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஓர் ஆட்டம் உண்டு. டேங்க் தெருவுக்கும் மில் தெருவுக்கும். தோற்ற தெருவின் கோல்கீப்பர், ஜெயித்தவர்களின் பதினோரு மட்டைகளையும் கயிற்றால் கட்டித் தோளில் ஏற்றி, மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை சுமக்க வேண்டும். ஊரே நின்று பார்க்கும். ஆட்டம் சமன் ஆனால் போன வருஷம் சுமந்தவனே மறுபடியும் சுமக்க வேண்டும்.

போன வருஷம் நான் சுமந்தேன். நானாக விரும்பித்தான் சுமந்தேன். தோளுக்கு நல்ல பயிற்சி. ஆறு கோல் விழுந்தது உண்மை. வெயில் நேராக என் கண்ணில் அடித்தது.

இன்று எங்கள் கேப்டன் கோமதிநாயகம் வந்தார். டெய்லர். எதையும் அளந்து பேசுகிறவர். என் மனைவி தங்கபுஷ்பம் கொடுத்த காப்பியை ஆறவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பேங்க்காரர் ரமணன், மதுரையில் காலேஜ் டீமுக்குக் கோல் நின்றவராம். இந்த வருஷம் அவரை நிறுத்தலாம் என்று தெருவில் பேச்சாம். நான் வெளியே உட்கார்ந்து அணிக்குத் தைரியம் சொல்லலாமாம்.

வெளியே உட்காரச் சொன்னவுடன் அவருடைய காப்பியை நானே எடுத்துக் குடித்துவிட்டேன். ஆறிப்போன காப்பி வீணாகக் கூடாது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வருகிற 15-ம் தேதி எனக்கும் ரமணனுக்கும் ஆளுக்கு ஐந்து பெனால்ட்டி ஸ்ட்ரோக். கோலுக்கு நேர் எதிரே ஒருவர் பந்தை வைத்துத் தள்ள, கீப்பர் தனியாக நின்று தடுக்க வேண்டும். யார் அதிகம் தடுக்கிறாரோ அவர் 18-ம் தேதி கோல் நிற்பார்.

ரமணனுக்காக வருத்தப்படுகிறேன்.

மே 5, திங்கள்

செல்வி படித்துவிட்டாள். ஏழு சுழி. வெயில் என் முதுகுப் பக்கம் இருந்ததாம். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை முத்தையா அண்ணாச்சிதான் கோல் நின்றாராம், நான் மாற்று ஆளாகக் காலில் பேடைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேனாம்.

கட்டிக்கொண்டிருந்தேனா இல்லையா? அப்படியானால் நானும் கோல்கீப்பர்தானே. இதற்கு ஏன் சுழி?

மே 7, புதன்

பாகு நாலு கொப்பரை. வெல்லம் மண்ணாக இருந்தது, இரண்டு தடவை வடிகட்டினேன். தங்கபுஷ்பத்துக்குப் பல் வலி. வேறொன்றுமில்லை.

மே 8, வியாழன்

போட்டி தொடங்கிவிட்டது. பஞ்சாபிலிருந்து, ஒடிசாவிலிருந்து, ரயில்வேயிலிருந்து என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எங்கள் ஊர்ச் சாலையில் நடந்து போகிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் என்ன? முப்பது வருஷமாக நானும் காலரியில் உட்கார்ந்து பார்க்கிறேன்தான். ஆனால் அதெல்லாம் கைதட்டப் பார்த்தது. இனி வித்தை திருடப் பார்க்க வேண்டும்.

ஒரே சிக்கல், ஜெர்சியில் பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் ஆள் அடுத்த கோலுக்கு ஓடிவிடுகிறான். வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதனால் செல்வியைக் கூப்பிட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை.

செல்வி வர மாட்டேன் என்றாள். மைதானத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாள். நான் பேங்க்காரர் ரமணனைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர்தானே எனக்கு எதிரி, தப்புத் தப்பாக வாசித்தால் என்ன செய்வது என்றும் கேட்டேன். இப்படியே முக்கால் மணி நேரம். கடைசியில் என் வாய்க்குப் பயந்து செருப்பை மாட்டினாள்.

மே 9, வெள்ளி

நேற்று மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனேன். கோலுக்குப் பின்னால் காலரி. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். உட்கார்ந்தவள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பெயரை மட்டும் கேட்டால் தலையைத் திருப்பி வாசித்துவிட்டு மறுபடி தெரு. நானும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். சில பெயர்கள் எனக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன்.

மூன்றாவது பகுதியில் ஒரு தரம் திரும்பினவள் திரும்பினபடியே இருந்துவிட்டாள்.

மே 10, சனி

பார்ப்பதில் ஒரு பெரிய முறையைக் கண்டுபிடித்திருக்கிறேன். பந்தைப் பார்க்கக் கூடாது. ஊரெல்லாம் பந்தைத்தான் பார்க்கிறது, அதனால்தான் ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து நிமிஷம் அவனை மட்டும் பார்க்க வேண்டும். பந்து எங்கே போனால் நமக்கென்ன?

நான் ரயில்வே அணிக் கோல்கீப்பரைப் பிடித்துக்கொண்டேன். டொப்போ என்று பெயர். ஒல்லி. என் தோளில் பாதி இருப்பான்.

முதல் மூன்று நிமிஷம் பார்த்தேன். அப்புறம் எங்கோ கைதட்டல், பந்தைப் பார்த்துவிட்டேன். மறுபடி ஆரம்பித்தேன். நுங்கு விற்றுக்கொண்டு ஒருத்தி வந்தாள். மறுபடி ஆரம்பித்தேன். ஒரு ஆளைப் பதினைந்து நிமிஷம் பார்ப்பதைவிட நாலு கொப்பரை பாகு காய்ச்சுவது சுலபம்.

ஆனால் ஒன்று பார்த்தேன். அவன் வாய் ஓயவே இல்லை. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் கத்திக்கொண்டே இருக்கிறான். அடடா, இது எனக்கென்றே செய்த வேலையல்லவா என்று நினைத்தேன். செல்வி சொன்னாள், அவன் சும்மா கத்தவில்லையாம். யார் இடது பக்கம் நிற்க வேண்டும், யாரை விடக் கூடாது என்று ஆளாளுக்குச் சொல்கிறானாம். மற்றவன் கண்ணுக்குத் தெரியாததை இவன் பார்த்துச் சொல்ல, அவன் கால் அங்கே போகிறதாம்.

நான் அவளிடம், போன வருஷம் நானும் கத்தினேனே என்றேன்.

"நீங்க 94 கதையச் சொல்லிக்கிட்டிருந்தீங்க மாமா. நான் வெளியில நின்னு கேட்டேன்."

(பார்ப்பதற்கான முறையைக் கண்டுபிடித்தது நான் என்று எழுதிய இடத்தில் சுழி விழுந்திருக்கிறது. சரி, அவள்தான் சொன்னாள். ஆனால் கேட்டது நான்.)

மே 11, ஞாயிறு

94 கதை என்றால் என்ன என்று பிற்காலத்தில் இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். 1994-ல் எனக்கு இருபது வயது, அப்போது தெரு ஆட்டத்துக்கு வயதுக் கணக்குக் கிடையாது. முத்தையா அண்ணாச்சிக்குக் காய்ச்சல், அதனால் நான் நின்றேன். மில் தெருவின் ஞானதுரை கடைசி நிமிஷத்தில் பெனால்ட்டி ஸ்ட்ரோக் எடுத்தான். நான் புலி மாதிரி வலது பக்கம் பாய்ந்தேன். ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவ்வளவுதான். அந்த ஞானதுரைதான் இன்றைக்கும் அவர்களுடைய கேப்டன். பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் வலது கையைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டுவான். என் பாய்ச்சலை அவனால் மறக்க முடியவில்லை.

மே 12, திங்கள்

செல்வி 94-க்குச் சுழி போடவில்லை. பந்து எங்கே போச்சு என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

மே 13, செவ்வாய்

இன்று பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ரயில்வேக்கு எதிராகப் பெனால்ட்டி ஸ்ட்ரோக். எங்களுக்கு நேர் முன்னால், இருபது அடிக்குள் டொப்போவின் முதுகு. நடுவர் எல்லாரையும் தள்ளி நிறுத்தினார். அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் வாயை மூடினான். கோட்டில் இரண்டு காலையும் வைத்தான். கொஞ்சம் குனிந்தான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் முதுகில் ஒரு மடிப்புக்கூட அசையவில்லை. எதிரே இருந்தவன் மட்டையைப் பந்தில் சேர்த்தான். நான் இங்கே உட்கார்ந்தபடி வலது பக்கம் சாய்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் மேல் இடித்தது. டொப்போ இன்னும் நின்றுகொண்டிருந்தான். பந்து மட்டையை விட்ட பிறகுதான் அவன் காலை விட்டான். பந்து காலில் பட்டு வெளியே போனது.

"பாத்தீங்களா?" என்றாள் செல்வி. "அடிக்கிறதுக்கு முன்னாடி கீப்பர் அசையக் கூடாதுன்னு ரூலே இருக்கு மாமா."

அப்படி ஒரு ரூல் இருப்பதை முப்பது வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்பே சொல்லியிருந்தால் நான் இந்தியாவுக்கு ஆடியிருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் பட்டறையிலிருந்து கொண்டுபோயிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை டொப்போவிடம் கொடுத்தேன். இருவரும் இந்தியில் அரைமணி நேரம் பேசினோம். எப்படி நிற்பது என்று நான் சைகையில் கேட்டேன். அவன் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெதுவாக அமுக்கிக் காட்டினான். சோற்றுப் பானையைச் சிம்மில் வைக்கச் சொல்வதுபோல. பிறகு ஒரு மிட்டாயைக் கடித்துக்கொண்டு போய்விட்டான்.

(அரைமணி நேரத்துக்குச் சுழி. அரை நிமிஷமாம். இந்திக்கும் சுழி.)

மே 14, புதன்

விடியற்காலை பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. தங்கபுஷ்பம் பந்தைத் தூக்கிப் போட, நான் தடுத்தேன். பல் வலியோடு நாலு போட்டாள். ஐந்தாவதை என் மேலேயே எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மைதான ஓரத் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த செல்வி எழுந்து போனாள். எரிச்சலாகி வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். இருபது நிமிஷத்தில் மட்டையோடு வந்தாள். பரண் தூசி அதில் அப்படியே இருந்தது.

நின்ற இடத்திலிருந்தே தள்ளுகிறேன், ஓட மாட்டேன் என்றாள். டாக்டர் அதற்கு எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டாராம். இருபது பந்து தள்ளினாள். நான் பத்தொன்பது தடவை வலது பக்கம் விழுந்தேன். ஒரு தடவை வழுக்கி விழுந்தேன், அதுவும் வலதுதான்.

மே 15, வியாழன்

தேர்வு நடந்தது. கோமதிநாயகம் தள்ளினார், தெருவே வந்திருந்தது. ரமணன் ஐந்தில் இரண்டைத் தடுத்தார். நான் மூன்று.

(சுழி. சரி. இரண்டுதான். மூன்றாவது கம்பத்தில் பட்டது. கம்பம் என் பக்கம் நின்றதால் என் கணக்கில் சேர்த்தேன்.)

இரண்டுக்கு இரண்டு. கேப்டன் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வெகுநேரம் யோசித்தார். முதல் பாதி ரமணன், இரண்டாம் பாதி வெயிலுமுத்து என்று தீர்ப்பு. தையலில் பாதிப் பாதியாக வெட்டுவது அவருக்குச் சுலபம். ஆனால் போகும்போது என் காதருகே வந்தார்.

"வெயிலு, மட்டை சுமக்கணும்னு வந்தா அது பேங்க் சார் கிடையாது, பாத்துக்கிடும். கடைசியில கோல்ல நிக்கிறது நீருதான்."

தடுத்த இரண்டு பந்தும் எப்படி என்று கேட்டால், இரண்டும் என் வலது பக்கம் வந்தவை.

மே 16, வெள்ளி

செல்வி முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்தாள். மொபெட் சாவி வேண்டுமாம். வந்த நேரம் பாகு ஏறும் நேரம். நான் பார்க்கவில்லை. பாகு நேரத்தில் எனக்கு யாரையும் தெரியாது. நுரை பொங்கும், அது பதமல்ல. நிறம் திரும்பும், அதுவும் பதமல்ல. அவசரப்பட்டு இறக்கினால் மிட்டாய் பிசுபிசுக்கும். ஒரு நொடி பிந்தினால் கசக்கும். துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் டங் என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வரும்வரை கரண்டிக் கை தவிர வேறு எதுவும் அசையக் கூடாது. பேசினால் பதம் போய்விடும்.

இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வி கதவுக்குள் நின்றிருந்தாள். கடலை புடைக்கும் பெண்கள் அவளிடம், பாகு ஏறுகையில் அண்ணாச்சி வாயே திறக்க மாட்டாரு, அந்த ஒரு நேரந்தான் எங்களுக்கு ஓய்வு என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

அவள் சிரிக்கவில்லை. மொபைலில் நேரம் பார்த்திருக்கிறாள். ஆறு நிமிஷமாம்.

"மாமா, உங்களுக்கு நிக்கத் தெரியுது," என்றாள். "கோல்ல மட்டும் ஏன் நிக்க மாட்டேங்கீங்க?"

கொப்பரையைக் கழுவ வேண்டியிருந்தது.

மே 17, சனி

நாளைக்கு ஆட்டம். பேடைத் துடைத்து வெயிலில் வைத்தேன். வலது பேடின் பட்டை தேய்ந்திருக்கிறது, இடது பேடு புதிதாகவே இருக்கிறது.

செல்வி ஓரத்தில் எழுதிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பந்து எங்கே போச்சு?

இடது பக்கம் போனது. ஞானதுரை அடிப்பதற்கு முன்பே நான் விழுந்துவிட்டேன். அவன் நான் விழும்வரை காத்திருந்து, இடது பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டான். உருண்டு உருண்டு போனது. தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்ற ஜனங்கள் சிரிக்கத்தான் எழுந்தார்கள்.

பந்து வருமே வருமே என்று நிற்பதைவிட விழுந்துவிடுவது எனக்கு லேசாக இருக்கிறது. விழுந்துவிட்டால் பாய்ந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நின்றிருந்து கோல் போனால் என்ன சொல்வது?

மே 18, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆட்டம். காலரி நிறைந்திருந்தது. சாயங்கால ஃபைனலுக்கு வந்தவர்கள் பாதிப் பேர் காலையிலேயே வந்துவிட்டார்கள். செல்வி, நாங்கள் டொப்போவைப் பார்த்த அதே இடத்தில் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. ரமணன் நன்றாகவே நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, பட்டை கொஞ்சம் தளர்வா இருக்கு சார், இறுக்கிக்கோங்க என்று சொன்னார். நல்ல மனிதர்.

இரண்டாம் பாதியில் பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது கத்தினேன். கதை எதுவும் சொல்லவில்லை. கோமதிநாயகத்தை வலது பக்கம் போகச் சொன்னேன், போனார், பந்து அவர் மட்டையில் வந்து விழுந்தது. அவருக்கே ஆச்சரியம். பத்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று.

கடைசி நிமிஷத்தில் மில் தெருக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். பந்து என்னைத் தாண்டிவிட்டது. கோட்டில் நின்ற கோமதிநாயகம் அதைக் காலால் நிறுத்திவிட்டார். கீப்பர் தவிர வேறு யார் காலிலும் பந்து படக் கூடாது. விசில். பெனால்ட்டி ஸ்ட்ரோக்.

கோல் விழுந்தால் சமன். சமன் ஆனால் போன வருஷம் சுமந்தவன் மறுபடி சுமக்க வேண்டும்.

கோமதிநாயகம் என் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றார். பந்தை வைக்க வந்தது ஞானதுரை. தலை நரைத்திருக்கிறது, தொப்பை விழுந்திருக்கிறது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"என்ன வெயிலு, வலது பக்கம் மெத்தய விரிக்கச் சொல்லட்டா?"

காலரியில் சிரித்தார்கள். எனக்கு மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் நல்ல பதில்கள். சொல்லவில்லை.

கோட்டில் காலை வைத்தேன். குனிந்தேன்.

அவன் மட்டையைப் பந்தருகே கொண்டுவந்தான். நடுவர் விசில் ஊதினார். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினான். நுரை. நான் நின்றேன். மட்டையை என் வலப்பக்கம் லேசாகத் திருப்பினான். நிறம் மாறுகிறது, பதமல்ல. நான் நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் நான் விழுவதற்காகக் காத்திருக்கிறான். முப்பத்தொரு வருஷமாக அவனுக்கு அந்த ஒரு ஆட்டம்தான் தெரியும். நான் விழ வேண்டும், பிறகு அவன் தள்ள வேண்டும். நான் விழவில்லை என்றால் என்ன செய்வது என்று அவன் யோசித்ததே இல்லை. அவன் சிரிப்பு நின்றது.

காலரியும் சத்தமில்லாமல் இருந்தது. பட்டறை மாதிரி.

டங் என்று கேட்டது. மட்டையில் பந்து.

இடது பக்கம் வந்தது. பெரிய அடியல்ல, பழக்கத்தில் தள்ளியதுதான். இடது காலை நீட்டினேன். பட்டது. பந்து சுற்றிக்கொண்டு கம்பத்துக்கு வெளியே போனது.

நான் விழவில்லை. நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அப்புறம் யார் யாரோ வந்து மேலே விழுந்தார்கள். கோமதிநாயகம் என் ஹெல்மெட்டுக்கு முத்தம் கொடுத்தார். ரமணன் தண்ணீர் பாட்டிலை என் தலையில் கவிழ்த்தார். ஜெயித்துவிட்டோம். செல்வி காலரியிலிருந்து எப்படி இறங்கி வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில் தெரு கோல்கீப்பர் சங்கிலி என்பவர் எங்கள் பதினோரு மட்டைகளையும் கட்டிச் சுமந்தார். தபாலாபீஸ் பக்கம் கயிறு அவிழ்ந்துவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். நான் போய்க் கட்டிக் கொடுத்தேன். எப்படிக் கட்டினால் அவிழாது என்பது எனக்குத் தெரியும்.

மே 19, திங்கள்

நேற்றைய பக்கங்களை செல்வி இரண்டு தரம் படித்தாள். ஒரே ஒரு சுழிதான். நான் கவனிக்கவில்லை என்று எழுதிய இடத்தில்.

சரி. கைப்பிடியைப் பிடிக்காமல், இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். ஹெல்மெட்டுக்குள் எனக்கு வியர்த்தது.

(வியர்த்தது என்ற இடத்தில் இன்னொரு சுழி. இந்தப் பிள்ளையோடு பெரிய தொல்லை.)

மே 20, செவ்வாய்

டீக்கடையில் ஞானதுரை கதை சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பந்து மாதிரி ஒரு பந்தை அவன் வாழ்நாளில் அடித்ததில்லையாம். துப்பாக்கிக் குண்டு மாதிரி போனதாம். வேறு எந்தக் கீப்பராக இருந்தாலும் வலையைக் கிழித்திருக்குமாம்.

"அவ்வளவு வேகமில்லப்பா," என்றேன். "மெதுவாத்தான் வந்துச்சு."

கடையே திரும்பி என்னைப் பார்த்தது. டீ மாஸ்டர் எனக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஞானதுரை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். இடது பக்கம்.

மே 26, திங்கள்

தங்கபுஷ்பத்துக்குப் பல் எடுத்தாகிவிட்டது. அடுத்த வருஷத்துக்கும் இரண்டாம் பாதி நான்தான் என்று கோமதிநாயகம் சொல்லிவிட்டார். முதல் பாதியும் கேட்டுப் பார்த்தேன். டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

விடியற்காலையில் செல்வி ஓடுகிறாள். நான் மொபெட்டில் பின்னால் போகிறேன். பெட்ரோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஜூன் 1, ஞாயிறு

செல்வி சென்னை ரயில் ஏறினாள். அக்கா இட்லிப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நின்றாள். ரயில் நகரும்போது செல்வி ஜன்னலில் கையை வைத்து, உள்ளங்கையைக் கீழே பார்க்க மெதுவாக அமுக்கிக் காட்டினாள். நானும் அப்படியே காட்டினேன். ரயில் வளைவில் திரும்பும்வரை அந்த இடத்திலிருந்து அசையவில்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனிமேல் சுழிக்க ஆளில்லை, அதனால் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை செல்வியின் பையையும் மட்டைகளையும் நான் தோளில் சுமந்தேன். மூன்று மட்டைகள். ஆட்டோ வைக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போனேன், ஊரே பார்த்தது. நானாக விரும்பித்தான் சுமந்தேன்.